ஸ்ரீரங்கப்பட்டணத்து மாடியில் குறிஞ்சி முளைத்தது!

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் நம்மவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினால் என்ன பார்ப்பார்கள்? ரங்கநாதர் கோயில், திப்பு விழுந்த இடம், தரியா தௌலத், சங்கமம், நேரம் இருந்தால் கும்பஸ். மறுபடி பஸ். மாலையில் பிருந்தாவனத்து வண்ண விளக்கு. இந்தப் பட்டியலில் கஞ்சாம் தெருவில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மொட்டை மாடி சேராது. அங்கே பார்க்க இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு மண்தொட்டிகள், ஒரு துளசி மாடம், துணி காயும் கொடி. ஆனால் 2019ம் ஆண்டு ஆடி மாதம் அந்தத் தொட்டிகளில் ஒன்றில் முளைத்தது, ஏழாயிரம் அடி உயரத்தில் முளைக்க வேண்டிய குறிஞ்சி!

அதை முளைக்க வைத்தவர் நமக்கு ரொம்ப காலப் பழக்கம். மண்டியா பக்கம் ஒரு ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து 2018ல் ஓய்வு பெற்றவர். பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. “செடி வளர்த்தேன்னு பேப்பர்ல போட்டா, நாளைக்கு நாலு பேர் வந்து விதை கேப்பாங்க. அப்புறம் நான் இல்லேன்னு சொல்லணும். அது எனக்கு வராது, தம்பி” என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் ‘அண்ணன்’.

அண்ணனுக்குச் சொந்த ஊர் கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர் பக்கம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019ல். “அதுக்கு முன்னாலேயும் அதே காரம்தான் இருந்துச்சு” என்பது அவர் கருத்து. இருபத்திரண்டு வயதில் மலை இறங்கியவர். முதலில் திண்டுக்கல்லில் ஒரு கடையில் கணக்கு. பிறகு ஒரு உறவினர் கைப்பிடித்துக் காவேரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் மலை இறங்கிய வருஷம் 1982. அந்த வருஷம் குறிஞ்சி பூத்த வருஷம்.

பூவை வைத்து வயது

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1970, 1982, 1994, 2006, 2018. நீலகிரி, பழனி மலை, மூணாறு மலைகளில் இந்தக் கணக்குப் பிசகாமல் வருகிறது. 1838ம் ஆண்டிலிருந்து வைத்த கணக்கே இருக்கிறது. 1838ஐயும் 2018ஐயும் கழித்து, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.

பலருக்குத் தெரியாத விஷயம், பூத்த பிறகு என்ன ஆகிறது என்பது. பூத்த குறிஞ்சி செத்துப் போகிறது! மல்லிகை மாதிரி அடுத்த வருஷமும் பூக்கும் செடி அல்ல அது. பதினோரு வருஷம் வெறும் இலையும் குச்சியுமாக வளர்ந்து, பன்னிரண்டாவது வருஷம் ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மலைச்சரிவு முழுக்க நீலமாகப் பூத்து, தையிலும் மாசியிலும் விதை முற்றி வெடித்து, அப்படியே காய்ந்து விறகாகிவிடும். விழுந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கும். அது பூக்க மறுபடி பன்னிரண்டு வருஷம். மூங்கிலுக்கும் இந்தக் குணம் உண்டு.

எல்லாச் செடியும் சேர்ந்தாற்போல் ஒரே வருஷத்தில் பூப்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் சுவாரஸ்யமானது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதை விட்டால், எலியும் பறவையும் பூச்சியும் அதையே நம்பி வாழப் பழகி, மிச்சமின்றித் தின்றுவிடும். பன்னிரண்டு வருஷம் பட்டினி போட்டு, ஒரே வருஷத்தில் மலை மலையாக விதையைக் கொட்டினால்? தின்கிறவர்கள் தின்று அலுத்த பிறகும் மிச்சம் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி!

பழனி மலையில் வாழும் பளியர்கள் குறிஞ்சிப் பூவைக் கொண்டு வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டு. அண்ணனின் அம்மாவும் அப்படித்தான். “உங்கப்பாவைக் கட்டினது ரெண்டாவது பூவுக்கு அடுத்த வருஷம்” என்பாராம். அந்த அம்மாள் பார்த்தது ஏழு பூ. முதல் பூ 1946ல். அப்போது அவருக்கு ஆறு வயது. ஏழாவது பூ 2018ல்.

1994லும் 2006லும் அண்ணன் ஊருக்குப் போகவில்லை. முதல் தடவை லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை மகளின் படிப்புச் செலவு. “பூ தானே, எங்கே போகப் போகுது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு நெனச்சேன். நம்ம மாதிரி வெளியூர்ல பிழைக்கிறவன் எல்லாத்தையும் இப்படித்தானே தள்ளிப் போடறோம்?” என்றார்.

2018 புரட்டாசியில், ஓய்வு பெற்ற கையோடு, முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ச் சரிவைக் காட்டினார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அடுத்ததுக்கு நீ வா. நான் இருக்க மாட்டேன்” என்றாராம் அம்மா. 2019 ஜனவரியில் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடித்து பஸ் ஏறும் முன், தம்பியின் பூண்டு வயல் வரப்பில் காய்ந்து நின்ற குறிஞ்சிப் புதரிலிருந்து ஒரு பிடிக் காயை உருவி, மடித்த வேட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்துவிட்டார் அண்ணன். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது.

சுல்தானும் விதை கேட்டார்

வெளியூர் விதையை ஸ்ரீரங்கப்பட்டணத்து மண்ணில் போட்டுப் பார்க்கும் ஆசை அண்ணனுக்கு மட்டும் வந்ததல்ல. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது திப்புவின் லால்பாக். பெங்களூரில் ஹைதர் அலி 1760ல் தொடங்கிய லால்பாக் நமக்கெல்லாம் தெரியும். அதே பெயரில் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்கு முனையிலும் ஒரு தோட்டம் இருந்தது. ஹைதரும் திப்புவும் அடக்கமான கும்பஸ் அதற்குள்தான் இருக்கிறது.

தகப்பனும் மகனும் தோட்டப் பைத்தியங்கள். எந்த நாட்டுக்குத் தூது அனுப்பினாலும் விதையும் கன்றும் வாங்கி வரச் சொல்வார்கள். 1787ல் திப்புவின் தூதர்கள் மூன்று பேர் நம் புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சுக்குப் போனார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைப் பார்த்தார்கள். படை உதவி கேட்டார்கள், கிடைக்கவில்லை. கூடவே தொழிலாளிகளும், தோட்டக்காரர்களும், பூ விதைகளும், ஐரோப்பியக் கனி மரக் கன்றுகளும் கேட்டார்கள். ராஜ்யமே ஆபத்தில் இருக்கும்போது ஒரு மனிதர் பூ விதை கேட்கிறார் பாருங்கள்!

குளிர் தேசத்துச் செடிகள் இங்கே வந்தனவா? வந்தன. 1799ல் திப்பு வீழ்ந்த மறு வருஷம், புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ச் சீமை முழுவதும் சுற்றினார். பெங்களூரில் சுல்தானின் தோட்டத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: சைப்ரஸ் மரமும் திராட்சையும் செழிக்கின்றன, ஆப்பிளும் பேரியும் காய்க்கின்றன, ஸ்ட்ராபெரி பயிராகிறது, தென்னாப்பிரிக்க முனையிலிருந்து வந்த ஓக், பைன் கன்றுகள்கூடப் பிழைத்து நிற்கின்றன. பெங்களூர் மூவாயிரம் அடி உயரம். ஸ்ரீரங்கப்பட்டணம் அதற்கும் எண்ணூறு அடி கீழே, ஆற்றுக்கு நடுவே.

ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக்கின் கதை சோகமானது. 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை தீவுக்குள் நுழைந்து அந்தத் தோட்டத்திலேயே முகாம் போட்டது. கோட்டையை முற்றுகையிடக் கட்டைக் கட்டுகளும் கூடைகளும் வேண்டும். எங்கே போவது? சுல்தான் ஆசை ஆசையாக வளர்த்த சைப்ரஸ் சாலை மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இன்று கும்பஸ் வாசலில் வரிசையாக நிற்கும் சைப்ரஸ் பின்னால் வைத்தது.

இன்னொரு செய்தியும் நம்மவர்களுக்குச் சம்பந்தப்பட்டது. திப்புவுக்குப் பிறகு இங்கேயே இருந்த ஆங்கிலப் பட்டாளத்தை மலேரியாக் காய்ச்சல் வாட்டியெடுத்தது. 1809ல் அவர்கள் பெங்களூருக்கு இடம் மாறினார்கள். அப்படிப் பிறந்ததுதான் பெங்களூர் கண்டோன்மெண்ட். அதன் பின்னோடு வந்த சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும், சாமான் சப்ளைக்காரர்களும், கைவினைக்காரர்களும்தான் அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதித் தமிழர்கள் பலருடைய முன்னோர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசு கடித்திராவிட்டால் நம் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தண்ணீர் பட்டால் வெடிக்கும் காய்

அண்ணன் கதைக்கு வருவோம். வேட்டி மடிப்பிலிருந்த காய்களை ஒரு பித்தளைத் தட்டில் கொட்டி வைத்திருந்தார். மறுநாள் மத்தியானம் வெயிலில் டப், டப் என்று சத்தம். காய்கள் வெடித்து விதைகள் சமையலறை வரை தெறித்துக் கிடந்தன.

இதில் அதிசயமில்லை. நம் வீட்டுக் கனகாம்பரமும் குறிஞ்சியும் ஒரே குடும்பம். ஆடாதோடை, நிலவேம்பு, சிறுவர்கள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காய் எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. காய்க்குள் ஒவ்வொரு விதையும் ஒரு சிறு கொக்கியின்மேல் உட்கார்ந்திருக்கும். காய் பிளக்கும்போது கொக்கி விதையைச் சுண்டியெறியும். கனகாம்பரக் காய் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அண்ணன் தட்டிலிருந்தது காய்ந்து வெடித்தது. ஒரு குறிஞ்சிக் காயில் அதிகம் போனால் நாலு விதை.

சுண்டியெறிவதோடு சரி. எருக்கு, இலவம் மாதிரிப் பஞ்சு கட்டிக் காற்றில் பறக்காது. தாய்ச் செடிக்குச் சில அடி தூரத்திலேயே விழும். ஒரு சரிவிலிருந்த குறிஞ்சியை அழித்துவிட்டால் பக்கத்து மலையிலிருந்து விதை வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது இதனால்தான். யூகலிப்டஸும் சவுக்கு போன்ற சீகை மரமும் பைனும் தேயிலையும் போட்டு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியை மூடிய இடங்களில் குறிஞ்சி திரும்பவில்லை. பதினோரு வருஷம் அது பூவில்லாத வெறும் புதர். அது குறிஞ்சி என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. காடு திருத்துகிறவன் களையென்று வெட்டிவிடுகிறான். பூக்கிற வருஷத்தில் படம் பிடிக்க வரும் கூட்டத்தில் நூறில் ஒருவன்கூட நடுவிலே வந்து பார்ப்பதில்லை. (நானும் பார்த்ததில்லை.)

அண்ணன் பொறுக்கிச் சேர்த்த விதை, தேக்கரண்டிக்கு இரண்டு. பாதியை மார்ச் மாதமே விதைத்தார். மீதியைக் காகிதத்தில் மடித்து ஃபிரிட்ஜில் வைத்தார். அண்ணி அதைப் பழைய வெந்தயம் என்று குப்பையில் போடப் போனது தனிக் கதை.

குளிர் பட்ட விதை

ஃபிரிட்ஜ் யோசனை லால்பாக்கில் குடியரசு தினப் பூக் கண்காட்சிக்குப் போனபோது ஒரு தோட்டக்காரர் சொன்னதாம். அதில் பாதிதான் பொருந்தும்.

இமயமலை, ஆல்ப்ஸ் போன்ற பனி விழும் மலைகளில் வளரும் செடிகளின் விதைகள் புத்திசாலிகள். ஐப்பசியில் விழுந்த விதை உடனே முளைத்தால் மார்கழிப் பனியில் கருகிவிடும். ஆகவே விதைக்குள்ளேயே ஒரு பூட்டு. ஈரத்தோடு கூடிய குளிரில் சில வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள், கிடந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். ‘குளிர்காலம் கழிந்தது’ என்று விதைக்குத் தெரியும். ஆப்பிள், பேரி, பீச் விதைக்கும் இதே நியாயம். பனி இல்லாத ஊரில் இவற்றை விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், விதையை ஈர மணலோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு முதல் பத்து வாரம் வைத்து எடுத்து விதைக்கிறார்கள். ஐஸ் கட்டும் பெட்டியில் வைக்கக் கூடாது. மணல் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். காய்ந்த விதையை வெறும் காகிதத்தில் வைத்தால் அது பத்திரமாக இருக்குமே தவிர, பூட்டுத் திறக்காது. குளிரோடு ஈரமும் சேர வேண்டும்.

குறிஞ்சி மலையில் பனித்துளி உறைவது உண்டு. இமயம் போல் மாதக்கணக்கில் பனி மூடாது. அதனால் அண்ணனின் விதைக்குக் குளிர்ப் பூட்டு இருந்ததாகத் தெரியவில்லை. மார்ச்சில் விதைத்ததும் முளைத்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஆடியில் விதைத்ததும் முளைத்தது. முளைப்பது கஷ்டமாக இல்லை. பிழைப்பதுதான் கஷ்டம்!

மார்ச் நாற்றுகள் இருபதுக்கு மேல். இரண்டு இலை விட்டு, மூன்றாவது இலை எட்டிப் பார்க்கும்போது சித்திரை வெயில் வந்தது. “காலையில பார்த்தா நிக்கும். சாயங்காலம் பார்த்தா நூல் மாதிரி மடிஞ்சு கிடக்கும். தண்ணி ஊத்தினேன். ஊத்தினது தப்பு.” வெயிலில் வாடுகிறது என்று மேலும் மேலும் ஊற்றியதில் தண்டடி அழுகிவிட்டது. நாற்றழுகல் என்று விவசாய இலாகாவில் சொல்லும் பூஞ்சைதான். நெருக்கமாக விதைத்து, காற்றோட்டமில்லாமல், மண்ணைச் சேறாக வைத்தால் மிளகாய் நாற்றுக்கும் கத்தரி நாற்றுக்கும் இதே கதி. மே முதல் வாரத்தில் ஒன்று பாக்கியில்லை.

ஆடியில் அண்ணன் பாடம் படித்துவிட்டார். ஆற்று மணல் இரண்டு பங்கு, மட்கிய இலைத் தூள் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. உரம் கிடையாது, மலைச் சரிவில் யார் உரம் போடுகிறார்கள்? விதையை மேலே தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணல். பூவாளியால் மேலிருந்து ஊற்றாமல், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏற விட்டார். பெரிய மண்தொட்டிக்குள் சின்ன மண்தொட்டியை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை மட்டும் நனைத்து வந்தார். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படி உள்தொட்டியின் வேர் குளிர்ந்திருக்கும். காலை வெயில் ஒன்பது மணி வரை. பிறகு தென்னங்கீற்று நிழல்.

இதெல்லாம் கதவிடுக்கில் கை வைத்துப் புயலைத் தடுப்பது மாதிரிதான். மலையில் ஆயிரம் அடி இறங்கினால் சுமார் இரண்டு டிகிரி சூடு கூடும். மன்னவனூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் வித்தியாசம் நாலாயிரம் அடிக்கு மேல்; ஆக எட்டு, ஒன்பது டிகிரி. பகல் சூட்டைவிட ராத்திரிச் சூடுதான் மலைச் செடிக்கு எமன். செடியும் மூச்சு விடுகிறது. பகலில் வெயிலைக் கொண்டு சமைத்த உணவை ராத்திரி மூச்சில் செலவழிக்கிறது. ராத்திரி குளிர்ந்தால் செலவு குறைவு. புழுங்கினால் செலவு வரவைத் தின்றுவிடும். நம் மாதச் சம்பளக் கணக்கேதான்!

ஆவணியில் பத்து நாற்று தேறியது. எதிர்வீட்டு கன்னடத்துப் பெரியம்மாள் மாடிக்கு வந்து பார்த்து, “ஏனண்ணா, ஹூ யாவாக பிடுத்தே?” என்று கேட்டார். பூ எப்போது வரும் என்று. அண்ணன், “ஹன்னெரடு வர்ஷ ஆகபேக்கு” என்றார். பன்னிரண்டு வருஷமா! “அய்யோ தேவரே!” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போன அந்த அம்மாள், மறுநாள் தன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மேல் கிடந்த பழைய கோணிச் சாக்கை, தொட்டிக்கு நிழல் கட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

திரும்பிப் போன ஆறு

அக்டோபரில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். “ஒரு சித்திரையை என் கண்ணால பார்த்துட்டேன். இன்னொரு தடவை பார்க்க மனசு வரல்லே.” தேறிய பத்தில் நல்லதாக ஆறைத் தனித்தனியே தேங்காய்ச் சிரட்டையில் மாற்றினார். நாலை மாடியிலேயே விட்டார். பிழைக்கிறதா என்று பார்க்க.

ஆறு சிரட்டையும் பழைய பிஸ்கட் டின்னில் ஏறின. மைசூரிலிருந்து ராத்திரி பஸ். டின்னுக்குத் தனி சீட்டா என்று கண்டக்டர் கேட்டாராம். மடியிலேயே வைத்துக் கொண்டு போனார். மன்னவனூரில் தம்பியின் வரப்பில், அம்மா காலத்துப் புதர் காய்ந்து நின்ற அதே இடத்தில் நட்டார். பார்த்தால் சுற்றிலும், யாரும் விதைக்காமல், தானாக விழுந்த விதையிலிருந்து முளைத்த நூற்றுக்கணக்கான கன்றுகள், இவருடையதைவிட இருமடங்கு திடமாக! “எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஃபிரிட்ஜ், மணல், தொட்டிக்குள்ள தொட்டி… அங்கே மழையே எல்லாம் பண்ணி முடிச்சிருக்கு.”

மாடியில் விட்ட நாலில் இரண்டு தையிலேயே போயின. மூன்றாவது 2020 ஏப்ரலில், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது போயிற்று. கடைசி ஒன்று, நம்ப முடியாமல், ஒரு முழ உயரம் வளர்ந்தது. அதுவும் 2021 மே மாதம் மூன்று நாள் தொடர்ந்து புழுங்கிய ராத்திரிகளில் இலை உதிர்த்து நின்றுவிட்டது.

அடுத்த வருஷம், 2022 செப்டம்பரில், சிக்கமகளூர் முள்ளய்யனகிரி, பாபா புடன்கிரி மலைகள் குறிஞ்சியால் நீலமாயின. பெங்களூரிலிருந்து நம்மவர்கள் பலரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் குடகில் மாந்தல்பட்டியில் பூத்தது. ஒவ்வொரு மலைக் கூட்டத்துக்கும் தனி வருஷக் கணக்கு உண்டு. குறிஞ்சி இனத்திலேயே முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள். அண்ணனும் அண்ணியும் சிக்கமகளூர் போனார்கள். கார்களின் வரிசை கிலோமீட்டர் கணக்கில். சிலர் கொத்துக் கொத்தாகப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்து அண்ணனுக்கு வந்த கோபம் அங்கேயே சண்டையில் முடிந்திருக்கும். அண்ணி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பறித்த பூவில் விதை ஏது?

சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படித்துவிட்டு, நாமும் ஒரு பிடி விதை கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாமே என்று எந்த வாசகராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட செடிகளின் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் இருக்கிறது. பிடுங்கினாலோ அழித்தாலோ அபராதமும் சிறைத் தண்டனையும் வரலாம். அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பதும் கூடாது. 2024ல் உலக இயற்கைப் பாதுகாப்பு சங்கம் இதை அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய செடிகளின் வரிசையில் வைத்தது. அண்ணன் விதைத்தது சட்டத் திருத்தத்துக்கு மூன்று வருஷம் முன், சொந்தப் பட்டா வரப்பிலிருந்து எடுத்த விதையை. “இப்போ இருந்தா செய்ய மாட்டேன்” என்கிறார் அவரே.

என்னிடம் கேட்டால், சட்டம் சரிதான். ஆனால் பாதி வேலைதான். தொட்டியில் வளர்க்கிறவனைத் தடுக்கலாம். பதினோரு வருஷம் வெறும் புதராக நிற்கும் சரிவை யார் காவல் காப்பது? கேரளத்தில் வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பக்கம் குறிஞ்சிக்கென்றே 2006ல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். சங்கப் புலவர் ஒரு நிலத்துக்கே பெயர் வைத்தது இந்தப் பூவை வைத்து. நம் பக்கத்துச் சரிவுகளில் எது குறிஞ்சிச் சரிவு என்று பூக்காத வருஷத்திலும் தெரியும்படி ஒரு பலகையாவது வைக்க வேண்டாமா?

மாடித் தோட்டத்தில் மலை ஆசையைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சுல்தான் காட்டிய வழி இருக்கிறது: ஸ்ட்ராபெரி. பெங்களூர் நர்சரிகளில் புரட்டாசி, ஐப்பசியில் கன்று வரும். குளிர்காலத்தில் நாலு பழமாவது பார்க்கலாம். பழத்தின்மேல் ஒட்டியிருக்கும் பொடி விதையைச் சுரண்டி, ஈர மணலில் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்து விதைத்தும் பார்க்கலாம். ஆனால் தாயைப் போல் பிள்ளை இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நட்டது பிழைத்தால் சித்திரையில் நிழலுக்கு நகர்த்த மறக்காதீர்கள்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குறிஞ்சி இருந்த தொட்டிக்குள் தொட்டியில் அண்ணி கனகாம்பரம் வைத்திருக்கிறார். சாயங்காலம் தண்ணீர் தெளித்ததும் காய்ந்த காய்கள் பட் பட்டென்று வெடித்தன. மன்னவனூர்த் தம்பி அன்று காலைதான் போன் செய்தாராம். வரப்புப் பக்கம் காட்டுமாடு இறங்கியதில் அண்ணன் நட்டதில் இரண்டு மிதிபட்டுப் போய்விட்டன, நாலு இருக்கின்றன, இடுப்பு உயரம், சுற்றி முள் வைத்தாயிற்று. அவை பூக்க வேண்டியது 2030ல். அப்போது அண்ணனுக்கு வயது எழுபது.

“டிக்கெட் இப்பவே போட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“பஸ்ஸுக்கா? அதெல்லாம் அப்போ போட்டுக்கலாம். நீ வர்றியா, அதைச் சொல்லு” என்றார்.